குட்டி ஆமைக்கு உடம்பு சரியில்லையா? அறிகுறியை வைத்துப் படிப்படியாகப் பார்க்கும் வழி

ஆமைக்கு நோய் வந்தால் அது வெளியே தெரிவதற்குள் நாளாகிவிடும். நாயோ பூனையோ ஒரு வேளை சாப்பிடாவிட்டாலே நமக்குத் தெரிந்துவிடும். குட்டி ஆமை பாதி நாள் தூங்கும், மண்ணுக்குள் புதைந்துகொள்ளும், இன்றைக்கு நன்றாக மேய்ந்துவிட்டு நாளைக்கு இலையைத் தொடாது. இதெல்லாம் அதன் சுபாவம். இதற்குள் நோயின் சோர்வு எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் கஷ்டம்.

இங்கே சொல்லியிருப்பவை தரையில் வாழும் ஆமைகளின் குட்டிகளுக்கு: சல்கேட்டா, லெப்பர்ட், ஹெர்மன், கிரேக்க ஆமை, ரஷ்ய ஆமை, சிவப்புக்கால் ஆமை போன்றவை, முட்டையிலிருந்து வந்தது முதல் இரண்டு மூன்று வயது வரை. தண்ணீர் ஆமைகளுக்கு இது அப்படியே பொருந்தாது. உங்கள் குட்டியிடம் பார்க்கும் அறிகுறி எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் முதல் இரண்டு பகுதிகளை எல்லோரும் படித்துவிடுங்கள்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கிளம்புங்கள்

கழுத்தை நீட்டி, வாயைத் திறந்துவைத்து மூச்சு வாங்குவது. வாலடித் துவாரத்திலிருந்து சிவந்த சதை வெளியே தள்ளி, திரும்ப உள்ளே போகாமல் நிற்பது. கால்கள் நடுங்குவது, வெட்டி இழுப்பது. தூக்கினால் கால்களை உள்ளே இழுத்துக்கொள்ளாமல் துவண்டு தொங்குவது. ஓடு உடைந்து ரத்தம் வருவது. நாய் கடித்தது. காயத்தில் புழு தெரிவது. அடி ஓட்டில் ரத்தம் கட்டினாற்போலச் சிவப்புத் திட்டுகள் பரவி, ஆமையும் சோர்ந்திருப்பது.

இவற்றுக்கு வீட்டில் வைத்துப் பார்க்க ஒன்றும் இல்லை. ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே போக வேண்டும். அப்படி ஒருவர் எங்கே இருக்கிறார் என்பதை ஆமை நன்றாக இருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். குட்டி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது தேட ஆரம்பித்தால் அரை நாள் அதிலேயே போய்விடும்.

சதை வெளியே தள்ளியிருந்தால், போகும் வழியில் அது காயாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். சுத்தமான தண்ணீரில் கழுவி, ஈரத் துணியை மேலே போட்டு, மண் ஒட்டாத பெட்டியில் எடுத்துச் செல்லுங்கள். விரலால் உள்ளே தள்ள வேண்டாம்.

மற்ற எல்லாவற்றுக்கும் முதலில் கூண்டைப் பாருங்கள்

ஆமையின் உடம்பு தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. செரிமானம், நோய் எதிர்ப்பு, காயம் ஆறுவது எல்லாமே வெளியிலிருந்து கிடைக்கும் சூட்டை நம்பித்தான் நடக்கின்றன. அதனால்தான் குட்டிகளுக்கு வரும் நோய்களில் பெரும்பாலானவை கூண்டிலேயே ஆரம்பிக்கின்றன. கூண்டைச் சரிசெய்யாமல் மருந்து மட்டும் கொடுத்தால் மருந்தும் சரியாக வேலை செய்யாது, குணமானாலும் திரும்ப வரும்.

சூட்டை அளந்து பாருங்கள், கையால் தொட்டுக் கணிக்க வேண்டாம். விளக்குக்கு நேர் கீழே, குட்டியின் முதுகு இருக்கும் உயரத்தில், 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும். எதிர் மூலையில் 24 முதல் 26. இரண்டு மூலைக்கும் வித்தியாசம் இருந்தால்தான் குட்டி தனக்கு வேண்டிய இடத்துக்கு நகர்ந்துகொள்ளும். சல்கேட்டா, லெப்பர்ட், சிவப்புக்கால் குட்டிகளுக்கு இரவிலும் 24க்குக் கீழே போகக் கூடாது. ஹெர்மன், கிரேக்க, ரஷ்ய ஆமைகள் ஆரோக்கியமாக இருந்தால் இதைவிடக் குளிர்ந்த இரவையும் தாங்கும். உடம்பு சரியில்லாதபோது அவற்றுக்கும் இரவுச் சூடு வேண்டும். கூண்டுச் சுவரில் ஒட்டும் வட்ட முள் தெர்மாமீட்டர் பல டிகிரி பிசகும். குறைந்த அளவு, அதிக அளவு இரண்டையும் நினைவில் வைத்துக் காட்டும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். பகலில் எல்லாம் சரியாகவே தெரியும். விடியற்காலை நான்கு மணிக்கு என்ன நடக்கிறது என்பதை அதுதான் சொல்லும்.

அடுத்தது ஈரப்பதம். குட்டிகளுக்கு அறுபது சதவீதத்துக்கு மேல் நல்லது. சிவப்புக்கால் குட்டிகளுக்கு இன்னும் கூட. பாலைவன ஆமைதானே என்று காய்ந்த மண்ணில் வளர்ப்பது பரவலாக இருக்கும் தவறு. பாலைவனத்தில்கூடக் குட்டிகள் வளைக்குள், புல்லின் அடியில், ஈரம் தங்கும் இடத்தில்தான் ஒளிந்து வாழ்கின்றன.

அப்புறம் யூவிபி விளக்கு, அதாவது வெயிலில் இருக்கும் புற ஊதா பி கதிரைத் தரும் விளக்கு. சூடு தரும் பல்பும் இதுவும் ஒன்றல்ல. வெளிச்சம் நன்றாக வந்தாலும் குழாய் விளக்கின் யூவிபி ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களில் குறைந்துவிடும், அது கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி வழியாக வரும் வெயிலிலும் யூவிபி இருக்காது. ஜன்னலோரம் வைத்திருக்கிறேன், வெயில் படுகிறது என்று சொல்பவர்களின் குட்டிகளுக்குத்தான் ஓடு மெத்தென்று இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

கடைசியாக ஒரு தராசு. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும். வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில், குளியலுக்கு முன்னால் நிறுத்து எழுதி வையுங்கள். குட்டி சிறுநீர் கழித்தாலே எடை குறையும் என்பதால் ஒரு நாள் எண்ணை வைத்துப் பயப்பட வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு வாரம் இறங்கினால் வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

சாப்பிடவில்லை, அசையாமல் கிடக்கிறது

எப்போதிலிருந்து என்று முதலில் யோசியுங்கள். புது வீட்டுக்கு வந்த குட்டி ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம்கூட ஒழுங்காகச் சாப்பிடாது. முட்டையிலிருந்து வந்து சில நாட்களே ஆன குட்டிக்கு வயிற்றில் மஞ்சள் கரு மிச்சமிருக்கும், அதனால் பசி இருக்காது. வயிற்றின் நடுவில் அந்தப் பை இன்னும் வெளியே தெரிந்தால் இழுக்கவோ அழுத்தவோ கூடாது. ஈரமான வெள்ளைக் காகிதத்தின் மேல் சூடாக வைத்திருந்தால் தானே உள்ளே போய்விடும்.

அந்த இரண்டும் இல்லையென்றால் சூட்டை அளந்து பாருங்கள். குளிர்ந்த ஆமையால் செரிக்க முடியாது, செரிக்க முடியாததால் சாப்பிடாது. விளக்கின் அடியில் 25 டிகிரிதான் இருக்கிறது என்றால் காரணம் கிடைத்துவிட்டது. சூட்டைச் சரிசெய்த மறுநாளே பல குட்டிகள் மேய ஆரம்பித்துவிடும்.

சூடு சரியாக இருந்தால் உடம்பில் நீர் குறைந்திருக்கிறதா என்று பார்ப்போம். கண்கள் குழிவிழுந்திருக்கும், கழுத்துத் தோல் சுருங்கிக் காய்ந்திருக்கும், கையில் எடுத்தால் அளவுக்குத் தகுந்த கனம் இருக்காது. ஒரு தட்டையான பாத்திரத்தில் 28 முதல் 32 டிகிரி வரை வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மேல் ஓடும் அடி ஓடும் சேரும் இடம் வரைதான் தண்ணீர் நிற்க வேண்டும். குட்டி தலையைத் தூக்காமலே மூச்சு விட முடிய வேண்டும். பதினைந்து முதல் இருபது நிமிடம், தினமும். தண்ணீர் ஆறிப்போனால் மாற்றுங்கள், பக்கத்திலேயே இருங்கள். வறண்டுபோயிருந்த குட்டி தண்ணீரில் இறங்கியதும் கழுத்தை நீட்டி, முகத்தைப் பாதி முக்கி, தொண்டை மெல்ல அசைய நெடுநேரம் குடித்துக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்தாலே அது எவ்வளவு தவித்திருக்கிறது என்று புரியும்.

கூண்டில் இன்னொரு குட்டி இருக்கிறதா? இருந்தால் இந்த விஷயத்தைக் கவனமாகப் பாருங்கள். குட்டி ஆமைகள் கடித்துக்கொண்டு சண்டை போடுவது அரிது. ஒன்று இன்னொன்றின் பின்னாலேயே போகும், அதன் உணவின் மேல் போய் உட்காரும், விளக்கின் அடியில் அதன் முதுகில் ஏறிக்கொள்ளும். பார்ப்பவர்கள் பாசம் என்று நினைத்துப் படம் எடுப்பார்கள். அது பாசம் அல்ல, அதட்டல். இரண்டில் ஒன்று தொடர்ந்து பெரிதாகி, இன்னொன்று அப்படியே நின்றுவிட்டால் அன்றே பிரித்து வையுங்கள். பிரித்து வைப்பது ஒன்றே போதும் என்ற நிலையில் எத்தனையோ குட்டிகள் மருந்து குடித்துக்கொண்டிருக்கின்றன.

இவ்வளவும் செய்து மூன்று நாளில் சாப்பிடத் தொடங்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணைத் திறக்காமல், தொட்டாலும் அசையாமல் கிடந்தால் அந்த மூன்று நாள் காத்திருப்புக்கூட வேண்டாம்.

இன்னொரு வகை உண்டு, அது மனதுக்குக் கஷ்டமானது. குட்டி சாப்பிடுகிறது, குளிக்கிறது, கூண்டும் சரியாக இருக்கிறது. ஆனாலும் வளரவில்லை, எடை ஏறவில்லை, ஓடும் உறுதியாகவில்லை. முட்டையிலிருந்து வந்த முதல் வாரங்களில், உங்களிடம் வருவதற்கு முன்பே, வறட்சியில் வைத்திருந்ததால் சிறுநீரகம் கெட்டுப்போயிருக்கலாம். இவற்றில் பல பிழைப்பதில்லை. அது உங்கள் கவனிப்பின் குறையால் நடந்தது அல்ல. குட்டி வாங்குவதற்கு முன் தினமும் தண்ணீரில் விடுகிறீர்களா, எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று விற்பவரிடம் கேட்பது இதற்காகத்தான்.

மூக்கு ஒழுகுகிறது, குமிழி வருகிறது, மூச்சில் சத்தம்

பயப்பட வேண்டாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் குடித்த உடனே மூக்கில் ஒரு குமிழி வருவது சாதாரணம். தொண்டைத் தோல் மேலும் கீழும் அசைவது வாசனை பிடிப்பதற்காக. தலையைச் சட்டென்று உள்ளே இழுக்கும்போது புஸ்ஸென்று வரும் சத்தம், உள்ளே இடம் பண்ணுவதற்காகக் காற்று வெளியேறுவதால் வருவது. எப்போதாவது ஒரு கொட்டாவியும் ஒன்றும் செய்யாது.

கவலைப்பட வேண்டியது குளியலுக்குச் சம்பந்தமில்லாத நேரத்தில் வரும் ஈரம். வெளிச்சத்தில் இரண்டு மூக்குத் துளைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு துளை மற்றதைவிடச் சின்னதாகத் தெரிகிறதா? துளையைச் சுற்றி மண் ஒட்டிக் காய்ந்து வளையம் கட்டியிருக்கிறதா? பிறகு முன்னங்கால்களின் உட்பக்கத்தைப் பாருங்கள். மூக்கு ஒழுகும் ஆமை முகத்தை அங்கேதான் துடைத்துக்கொள்ளும். செதில்களின் மேல் காய்ந்த சளி மினுமினுப்பாகவோ அழுக்குப் படலமாகவோ ஒட்டியிருக்கும். நாம் பார்க்கும் நேரத்தில் மூக்கு சுத்தமாக இருந்தாலும் கால் காட்டிக்கொடுத்துவிடும்.

காரணம் தேடும் வரிசை இது. தூசி கிளம்பும் காய்ந்த மண்ணோ மரத்தூளோ போட்டிருந்தால் அதை மாற்றுங்கள். அடுத்து இரவுச் சூடு. இங்கே நிறையப் பேர் ஒரு தவறு செய்கிறார்கள்: சளி பிடித்துவிட்டதே என்று கூண்டைக் காயவைத்துவிடுகிறார்கள். ஈரம் மட்டும் ஆமைக்குச் சளி கொடுக்காது. குளிரும் ஈரமும் சேர்ந்தால்தான் கெடுதல். ஈரத்தை விட்டுவிட்டு சூட்டைக் கூட்டுங்கள். எந்த இனமானாலும் இந்தச் சமயத்தில் இரவில் 27, 28 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் வெளிச்சம் வேண்டாம் என்பதால் வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர், அதோடு சூட்டைக் கட்டுப்படுத்த ஒரு தெர்மோஸ்டாட். வேறு ஆமை இருந்தால் வேறு அறைக்கு மாற்றி, இரண்டையும் தொடும் இடையில் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

ஒழுகுவது தண்ணீர் போலத் தெளிவாக இருந்து, குட்டி மேய்ந்துகொண்டும் நடமாடிக்கொண்டும் இருந்தால் இரண்டு மூன்று நாள் இப்படிப் பார்க்கலாம். சளி கெட்டியானால், வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மாறினால், மூச்சில் கீச்சென்றோ களகளவென்றோ சத்தம் வந்தால், ஓய்வாக இருக்கும்போதே ஒவ்வொரு மூச்சுக்கும் தலையும் முன்னங்கால்களும் முன்னும் பின்னும் போனால் அன்றே மருத்துவர். ஆமைக்கு நமக்கு இருப்பதுபோல் உதரவிதானம் கிடையாது, பலமாக இருமிச் சளியை வெளியே தள்ள அதனால் முடியாது. நுரையீரலுக்குள் இறங்கிய சளி அங்கேயே தங்கிக் கெட்டியாகிவிடும். மேல் ஓட்டுக்கு நேர் கீழேதான் நுரையீரல் இருக்கிறது. எக்ஸ்ரே எடுத்தால் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று தெரியும்.

தொற்று மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவால் வந்தது என்று தெரியவந்தால், அறிகுறி மறைந்த பிறகும் கிருமி உடம்பில் தங்கியிருக்கும், பிறகு எப்போது வேண்டுமானாலும் கிளம்பும். அமெரிக்காவின் மொஹாவி பாலைவன ஆமைகள் 1990-இல் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகப் பட்டியலில் சேர்க்கப்பட்டதற்கு இந்தச் சுவாச நோயும் ஒரு காரணம். வளர்ப்பு ஆமைகளைக் காட்டில் விடக் கூடாது என்று சொல்வதும், புது ஆமையைக் குறைந்தது மூன்று மாதமாவது தனியாக வைக்கச் சொல்வதும் இதனால்தான்.

கண் வீங்கியிருக்கிறது, திறக்கவில்லை

ஒரு கண்ணா, இரண்டுமா? ஒரு கண் மட்டும் என்றால் மண் துகள், கீறல். சுத்தமான வெதுவெதுப்பான தண்ணீரையோ கண் கழுவும் உப்புநீரையோ சொட்டுச் சொட்டாக விட்டுப் பாருங்கள். மறுநாளும் மூடியே இருந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும்.

இரண்டு கண்ணும் மூடியிருந்தால் எப்போது பல்பு மாற்றினீர்கள் என்று யோசியுங்கள். சுருள் வடிவ யூவிபி பல்பை மிகப் பக்கத்தில் வைத்தால் கண் எரிந்து வீங்கும். புதுப் பல்பு போட்ட சில நாட்களில் ஆரம்பித்திருந்தால் அதை அணைத்துவிட்டுப் பாருங்கள். பிறகு நீளமான குழாய் விளக்காக, தயாரிப்பாளர் சொன்ன உயரத்தில் மாட்டுங்கள். விளக்கு காரணம் இல்லையென்றால் வறட்சி. தினசரிக் குளியலும் ஈரப்பதமும் சில நாளில் சரிசெய்துவிடும். மூக்கும் ஒழுகினால் அது கண் நோயே அல்ல, முந்தைய பகுதிக்குப் போங்கள்.

வைட்டமின் ஏ குறைவாலும் இமைகள் வீங்கும், ஆனால் பச்சை இலைகளாகவே சாப்பிடும் தரை ஆமைக்கு அது அவ்வளவு சாதாரணமாக வருவதில்லை. நீங்களாக வைட்டமின் ஏ கொடுக்காதீர்கள். ஊசியாகப் போட்டு அளவு மீறினால் தோல் உரிந்து புண்ணாகும்.

ஓடு மெத்தென்று இருக்கிறது, நடை தள்ளாடுகிறது

குட்டியின் ஓடு முதல் சில மாதங்கள் கொஞ்சம் வளைந்து கொடுக்கத்தான் செய்யும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மேல் ஓட்டின் விளிம்பில் வைத்து மிக மெல்ல அழுத்திப் பாருங்கள். நம் விரல் நகத்தின் உறுதி இருந்தால் சரி. ஈரமான அட்டையைத் தொடுவது போல இருந்தாலோ, முன்பு உறுதியாக இருந்தது இப்போது இளகியிருந்தாலோ எலும்பில் கால்சியம் குறைகிறது என்று அர்த்தம். அடிக்கடி அழுத்திப் பார்க்க வேண்டாம். ஏற்கெனவே இளகிய ஓட்டுக்கு அது நல்லதல்ல.

கூடவே நடையையும் பாருங்கள். நல்ல குட்டி அடி ஓட்டைத் தரையிலிருந்து தூக்கி நடக்கும். கால்சியம் குறைந்த குட்டி வயிற்றை இழுத்துக்கொண்டு தவழும், பின்னங்கால்கள் விலகிப்போகும். தாடையும் இளகி, இலையைக் கடிக்கத் தெம்பில்லாமல் போகும். ஆர்வமாக வாயைக் கொண்டுபோய்விட்டுக் கடிக்காமல் திரும்பும் குட்டியை அடம் பிடிக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

கால்சியம் பவுடர் போட்டுக்கொண்டுதானே இருக்கிறேன் என்பார்கள். யூவிபி இல்லாமல் கால்சியம் மட்டும் பயன்படாது. 290 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகத் தொடங்கும். அந்த டி3 இருந்தால்தான் குடல் கால்சியத்தை உறிஞ்சும். அதற்குச் சூடும் வேண்டும். ஆக, விளக்கு எத்தனை மாதம் பழையது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருக்கிறதா, ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரிகிறதா என்று வரிசையாகப் பாருங்கள். வெளியே வெயிலில் விட முடிந்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. ஒதுங்க நிழலும், காக்கை பூனையிடமிருந்து பாதுகாப்புக்கு வலையும் இருக்க வேண்டும்.

உணவில் பாஸ்பரஸைப்போல இரண்டு மடங்கு கால்சியம் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. புல், களைச்செடி இலைகள், பூக்கள் இந்தக் கணக்குக்குச் சரியாக வரும். பழம், தானியம், பருப்பு, நாய்த் தீனி வராது. ஆக்சாலிக் அமிலம் அதிகமுள்ள கீரையைத் தினமும் போட்டால் இருக்கும் கால்சியத்தையும் அது பிடித்துவைத்துக்கொள்ளும்.

ஓடு இளகியிருக்கிறது என்று உறுதியானால் கூண்டைச் சரிசெய்வதோடு நிறுத்தாமல் மருத்துவரிடமும் காட்டுங்கள். ரத்தத்தில் கால்சியம் மிகவும் இறங்கிவிட்டால் நடுக்கமும் இழுப்பும் வரும். டி3 மருந்தின் அளவையும் அவர்தான் சொல்ல வேண்டும், அது கூடினாலும் ஆபத்து. சின்ன வயதிலேயே கவனித்த குட்டிகள் நன்றாகத் தேறுகின்றன. ஓட்டின் வடிவம் கொஞ்சம் கோணலாகவே நின்றுவிடலாம், ஆனால் உறுதி திரும்ப வரும்.

ஓட்டில் மேடு, நிறம், நாற்றம்

ஓட்டுக் கட்டங்களுக்கு நடுவில் வெளிர் நிறக் கோடுகள் தெரிந்தால் அது புது வளர்ச்சி, நல்ல செய்தி.

ஒவ்வொரு கட்டமும் கூம்பாக மேலே எழும்பினால் அதற்குப் புரதம் அதிகமானதுதான் காரணம் என்று பல காலம் சொல்லிவந்தார்கள். சல்கேட்டா குட்டிகளை வைத்து நடத்தி 2003-இல் வெளியான ஆய்வு, காற்றின் வறட்சிக்குத்தான் இதில் பெரிய பங்கு, புரதத்துக்குச் சிறிய பங்குதான் என்று காட்டியது. வந்த மேடு போகாது. ஈரப்பதத்தைச் சரிசெய்தால் இனி வரும் வளர்ச்சி சமமாக வரும்.

நாற்றம் வந்தால், கட்டத்தின் ஓரம் தூக்கிக்கொண்டு அடியில் இளகலாகவோ குழியாகவோ இருந்தால் ஓட்டு அழுகல். எப்போதும் சொதசொதவென்று இருக்கும் தரையில் இது அடி ஓட்டில் ஆரம்பிக்கும். மண்ணை எடுத்துவிட்டுக் காகிதம் விரியுங்கள். போவிடோன் அயோடினை வெளிர் பழுப்பு நிறம் வரும் வரை தண்ணீரில் கலந்து மென்மையான பிரஷால் தேய்த்து உலரவிடுங்கள். ஒரு வாரத்தில் காய்ந்து உறுதியாகாவிட்டாலோ, ஆழமாகப் போயிருந்தாலோ சுரண்டிச் சுத்தம் செய்வது மருத்துவரின் வேலை.

கழிவில் மாற்றம்

ஆமையின் சிறுநீரோடு வெள்ளையாக ஒன்று வரும். அது யூரேட். பசை மாதிரி வழுவழுவென்று இருந்தால் சரி. கையுறை போட்டுக்கொண்டு இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். மணல் நெருடுவது போல இருந்தால் தண்ணீர் போதவில்லை, குளியலைக் கூட்டுங்கள். அதைக் கவனிக்காமல் விட்டால் சிறுநீர்ப்பையில் கல் கட்டும். முக்கிக்கொண்டே இருப்பது, பின்னங்கால் ஒன்றை இழுப்பது, பல நாள் எதுவும் வெளியே வராதது ஆகியவை கல்லுக்கும் பொருந்தும், மண்ணையோ கூழாங்கல்லையோ விழுங்கிக் குடல் அடைத்ததற்கும் பொருந்தும். இரண்டுக்கும் முதலில் வெதுவெதுப்பான குளியல், நடக்க விடுவது. இரண்டு மூன்று நாளில் வராவிட்டால் எக்ஸ்ரே. எண்ணெய் ஊற்றுவது வேண்டாம்.

சிறுநீர் திடீரென்று இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ வந்தால் முந்தின நாள் சிவப்புப் பூவோ கள்ளிப் பழமோ கொடுத்தீர்களா என்று பாருங்கள்.

மலம் இளகிப் போனால் பழத்தையும் நீர்ச்சத்து மிகுந்த இலைகளையும் நிறுத்திப் புல்லைக் கூட்டுங்கள். ஒரு வாரத்தில் கெட்டிப்படாவிட்டால், அல்லது மெல்லிய வெள்ளைப் புழு நெளிந்தால், புது மலத்தை மூடியுள்ள டப்பாவில் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கொஞ்சம் நூல்புழு இருப்பது ஆமைகளில் சகஜம். எந்தப் புழு, எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் மருந்து.

பார்ப்பதற்கு நன்றாக இருக்கும் ஆமையின் மலத்திலும் மனிதருக்கு வயிற்றுப்போக்கு, காய்ச்சல் தரும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். அமெரிக்காவில் 1975-இலேயே 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்பதற்குத் தடை வந்ததும், சின்னப் பிள்ளைகள் அவற்றை வாயில் வைத்து நோய்வாய்ப்பட்டதால்தான். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை வீட்டில் இருந்தால் குளியல் பாத்திரத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவவே வேண்டாம். எடை பார்க்கும் தராசும் ஆமைக்கென்று தனியாக இருக்கட்டும்.

காதோரம் வீக்கம், வாயில் படலம்

கண்ணுக்குப் பின்னால் வட்டமான, தட்டையான தோல் தெரியும், அதுதான் காது. அங்கே உருண்டையாகப் புடைத்தால் உள்ளே சீழ். ஆமையின் சீழ் நீர்த்து ஓடாது, கெட்டியாக உறைந்திருக்கும். அதனால் மாத்திரையோ ஊசியோ மட்டும் போதாது, திறந்து எடுக்க வேண்டும். நீங்களாகக் குத்திப் பார்க்காதீர்கள்.

வாய்க்குள் மஞ்சள் படலம், எச்சில் வழிவது, உணவைக் கடித்துவிட்டு விடுவது இருந்தால் அது வாய்ப்புண், அன்றே காட்ட வேண்டியது. இதற்குப் பின்னால் ஹெர்ப்பிஸ் வைரஸ் இருக்கலாம். கிரேக்க, ரஷ்ய ஆமைகள் வெளியே ஒன்றும் தெரியாமலே அதைச் சுமந்துகொண்டிருக்கும், அதே கூண்டில் இருக்கும் ஹெர்மன் ஆமை அதனால் செத்துப்போகும். வெவ்வேறு இனங்களை ஒன்றாக வளர்க்காதீர்கள்.

கவிழ்ந்தது, சூடு தாக்கியது, தண்ணீரில் மூழ்கியது

விளக்கின் அடியில் கவிழ்ந்து கிடந்த குட்டிக்கு வாயில் நுரை வந்திருந்தால் சூடு தாக்கியிருக்கிறது. அறை வெப்பத்தில் இருக்கும் தண்ணீரில், தலை மூழ்காமல் உட்காரவைத்து மெதுவாகச் சூட்டை இறக்குங்கள். ஐஸ் தண்ணீர் கூடாது. தெளிந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தண்ணீரில் மூழ்கிய குட்டியைத் தலை கீழே இருக்கும்படி பிடித்து, கழுத்தை மெல்ல வெளியே இழுத்து நீட்டித் தண்ணீரை வடியவிடுங்கள். பிறகு நேராக வைத்து முன்னங்கால்களை மெல்ல உள்ளேயும் வெளியேயும் அசைத்தால் காற்று போய்வரும். அசைவில்லை என்று கைவிட வேண்டாம். ஆமை மூச்சில்லாமல் வெகுநேரம் தாங்கும், செத்துவிட்டது என்று நினைத்தவை எழுந்திருக்கின்றன. எழுந்தாலும் நுரையீரலில் நீர் தங்கியிருக்கும், மருந்து வேண்டும்.

நாய் கடித்த ஓட்டில் பல் தடம் சின்னதாகத் தெரிந்தாலும் கிருமி ஆழமாகப் போயிருக்கும். உப்புநீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடி எடுத்துச் செல்லுங்கள். எப்பாக்சி, ஃபெவிக்விக் எதையும் வைத்து ஒட்டாதீர்கள், கிருமியை உள்ளே வைத்து மூடுவதாகிவிடும்.

கையில் எடுக்கவே கூடாத மருந்து

ஐவர்மெக்டின். நாய், மாடு, ஆடு எல்லாவற்றுக்கும் புழுவுக்குக் கொடுப்பார்கள். ஆமைக்குக் கொடுத்தால் மூளைக்குள் புகுந்து, கை கால் முடங்கிச் செத்துப்போகும். ஊர்வன பார்த்துப் பழக்கமில்லாத மருத்துவரிடம் போக நேர்ந்தால் இந்த ஒரு பெயரை மட்டும் தயங்காமல் சொல்லிவிடுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் மனித ஆன்டிபயாட்டிக், ஓட்டுக்கு எண்ணெய், வாயைப் பிளந்து ஊட்டுவது இவையும் வேண்டாம். சூடும் நீரும் சரியாகாத ஆமைக்குள் உணவைத் திணித்தால் அது செரிக்காமல் வயிற்றிலேயே அழுகும்.

மருத்துவரிடம் போகும்போதும் வந்த பிறகும்

எடைக் குறிப்பு, கூண்டின் படம், விளக்கு டப்பாவின் படம், புது மலம், சளியோ சத்தமோ இருந்தால் கைப்பேசியில் எடுத்த வீடியோ. இவற்றை எடுத்துப் போங்கள். மருத்துவமனை மேஜையில் வைத்ததும் குட்டி தலையை உள்ளே இழுத்துக்கொண்டுவிடும், மூச்சுச் சத்தமும் நின்றுவிடும். வீட்டில் எடுத்த வீடியோதான் அப்போது கைகொடுக்கும். காற்றுத் துளையுள்ள பெட்டியில் துண்டு விரித்து, துணியில் சுற்றிய வெந்நீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்து, சூடு குறையாமல் கொண்டுபோங்கள்.

ஊசியை முன்னங்காலில்தான் பெரும்பாலும் போடுவார்கள். பின்னங்காலின் ரத்தம் சிறுநீரகம் வழியாகப் போவதால் மருந்து வீணாகலாம், சிறுநீரகத்துக்கும் பாரம். வீட்டிலேயே தொடர்ந்து ஊசி போடச் சொன்னால் எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று அங்கேயே ஒரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள்.

மருந்து கொடுக்கும் நாட்களில் இரவுச் சூட்டைக் குறைக்காதீர்கள், தினசரிக் குளியலை விடாதீர்கள்; சில ஆன்டிபயாட்டிக்குகள் வறண்ட ஆமையின் சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும். ஆமைக்கு எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும், குணமாவதும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில். மூக்கு காய்ந்துவிட்டது, மேய ஆரம்பித்துவிட்டது என்று பாதியில் மருந்தை நிறுத்தினால் அடுத்த முறை அதே மருந்து கேட்காமல் போகலாம். மருத்துவர் சொன்ன கடைசி நாள் வரை கொடுங்கள். மறுபரிசோதனைக்குப் போகும்போது அதுவரை வாரா வாரம் எழுதிய எடைக் குறிப்பைக் காட்டுங்கள். அந்த வருடம் குளிர்கால உறக்கத்துக்கு விட வேண்டாம்.